பிறந்தநாள் விழா நடுவே கேமரா நின்றுவிட்டது: கார்டா, ஷட்டரா?

15 ஜூன் 2025, நள்ளிரவு 12.50

தூக்கம் வரவில்லை, இப்போதே இங்கே உங்களிடம் கேட்டுவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் ஈசூனில் தோழியின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், நகர மன்றத்தில் அனுமதி வாங்கி, பலூன் கட்டி, அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். படம் எடுக்கும் வேலை என்னுடையது. காசுக்கு இல்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டது. மெழுகுவர்த்தி ஏற்றி எல்லாரும் பாட ஆரம்பிக்கும் நேரத்தில் கேமரா 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது. தினமும் கேட்கிற சத்தம் இல்லை, சுருக்கமாக, எதிலோ இடித்த மாதிரி. வ்யூஃபைண்டர் இருட்டு. பின்னால் திரையில் பிழை என்று ஒரு எண். அணைத்துப் போட்டேன், அதே எண். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன். அதற்கப்புறம் அந்தப் பிழையோடு சேர்த்து, கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது.

அதுவரை எடுத்த ஐந்நூற்றுச் சொச்சம் படங்களும் அந்த ஒரே கார்டில். பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆர், 2021இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், கார்டு போட ஒரே ஒரு இடம்தான். 16 ஜிபி கார்டு, ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) மட்டும், ஒரு படம் 28 எம்பி. ஃபார்மட் செய்யவில்லை, வேறு எதுவும் தொடவில்லை.

கேள்வி இரண்டு. கார்டு போனதால் கேமரா நின்றதா, கேமரா போனதால் கார்டு கெட்டதா? படங்களை எடுக்க முதலில் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது?

15 ஜூன், காலை 9.20

மூன்று பேர் கார்டு என்றுதான் சொல்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது, மலிவு விலைக் கார்டு, நான்கு வருடமாக ஓடுகிறது. பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளிவிட்டேன், இனி யாரும் தவறுதலாகக்கூட அதில் எழுத முடியாது. லேப்டாப்பில் போட்டதும் விண்டோஸும் ஃபார்மட் செய்யவா என்றுதான் கேட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே எடுத்துவிட்டேன்.

தோழியிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று அங்கேயே 'கேமரா மக்கர் பண்ணுது, போனில் எடுக்கிறேன்' என்று சொன்னேன். கேமரா நின்றதைத்தான் சொன்னேன். முன்னால் எடுத்ததும் போயிருக்கலாம் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

15 ஜூன், மதியம் 1.15

எந்தப் படம் அவ்வளவு முக்கியம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

தோழியின் அம்மா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறார். 74 வயது, விமானத்தில் ஏறியது இதுதான் முதல் தடவை, அடுத்த ஞாயிறு இரவு திருச்சிக்குத் திரும்புகிறார். முழங்கால் இருக்கிற இருப்பில் இன்னொரு தடவை வருவேன் என்று அவரே நம்பவில்லை. கேக் வெட்டுவதற்கு முன்னால், யாரும் சொல்லாமலே, நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டார். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். அதற்குள் ஒரு காகிதப் பொட்டலம், அதில் விபூதி. கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். கீழ்த்தளத்தில் நாலு பக்கமும் தூண், நாலு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு பையன் போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டிருந்தான். அவர் காத்திருக்கவில்லை. லிஃப்ட் பக்கம் தரையில் சாய்ந்து விழுந்த வெயிலைப் பார்த்தார், மணி ஆறு இருக்கும், அந்த வெயிலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார். குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலால் இழுத்துவிட்டு, மிச்சத்தைக் கண்ணில் படாமல் ஊதிவிடத் தன் உள்ளங்கையைக் குழந்தையின் புருவத்துக்கு மேல் ஓடு மாதிரி வைத்தார். பாப்பா கண்ணை மூடிக்கொண்டது. அதை ஐந்து படம் எடுத்தேன். மூன்றாவது நன்றாக வந்திருந்தது, திரையில் பார்த்தேன். அதுதான் வேண்டும்.

15 ஜூன், இரவு 11.05

திருத்தம். காலையில் கார்டின் மேல் பழி போட்டேன், அது தவறு.

நடந்ததை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். ஷட்டர் இடித்த சத்தம் முதலில், பிழை எண் அப்புறம். அப்போது கார்டைப் பற்றிக் கேமரா ஒன்றுமே சொல்லவில்லை. கார்டு பிழை நான் பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் வந்தது. நான் பேட்டரியைக் கழற்றும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. அறுபது பேர் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள், பாப்பா மெழுகுவர்த்தியை நோக்கிக் கை நீட்டுகிறது, நான் விளக்கைப் பார்த்துக்கொண்டே மூடியைத் திறந்தேன்.

கேமரா எடுத்தவுடன் படத்தைக் கார்டில் வைப்பதில்லை. முதலில் தன் உள் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கார்டுக்கு அனுப்புகிறது. மெதுவான கார்டு என்றால் தொடர்ந்து எடுத்த எட்டுப் பத்துப் படம் வரிசையில் நிற்கும். சிவப்பு விளக்கு அந்த வரிசை இன்னும் முடியவில்லை என்பதற்கான அடையாளம். அந்த நேரத்தில் மின்சாரம் போனால், வரிசையில் நின்ற படங்கள் போவதோடு, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று கார்டில் எழுதி வைக்கும் அட்டவணையும் பாதியில் அறுந்துபோகலாம். என் கார்டு அப்படித்தான் படிக்க முடியாமல் போயிருக்கிறது. ஆக, கேமரா தானாக நின்றது, கார்டைக் கெடுத்தது நான்.

இதைத் தெரிந்தே எழுதுகிறேன், நாளை தோழியிடமும் இப்படியே சொல்லவேண்டும்.

இப்போது நடப்பது: உங்களில் ஒருவர் சொன்னபடி கார்டை அப்படியே ஒரே கோப்பாக லேப்டாப்பில் நகல் எடுக்கிறேன். நகலில் மட்டும் வேலை செய்வேன், கார்டைத் திரும்பத் தொடமாட்டேன். முக்கால் மணி நேரம் காட்டுகிறது, என் கார்டு ரீடரும் பழசு.

16 ஜூன், மதியம் 12.40

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் பேசினேன். விளக்கு எரியும்போது பேட்டரியை எடுத்தேன் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்: 'அம்மா திருநீறு பூசினாங்களே, அது வந்துருக்கா?'

நான் அவளிடம் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

16 ஜூன், இரவு 10.30

ஃபோட்டோரெக் என்ற, தொலைந்த படங்களை மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். இலவசம், டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு மென்பொருளோடு சேர்ந்து வருகிறது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அம்புக்குறி விசையும் என்டரும் போதும். அது அறுந்துபோன அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. கார்டின் முதல் பைட்டிலிருந்து கடைசி வரை வாசித்துக்கொண்டே போய், ஒரு படக் கோப்பு எப்படித் தொடங்குமோ அந்த அடையாளத்தைத் தேடுகிறது. ஜேபெக் என்ற சாதாரணப் படக் கோப்பு என்றால் எஃப்எஃப் டி8 என்ற பைட்டுகளில் தொடங்கும், ரா பலவும் டிஃப் என்ற கோப்புக் கட்டமைப்பில் இருப்பதால் ஐஐ அல்லது எம்எம் என்று இரண்டு எழுத்தில் தொடங்கும். அதைப் பார்த்தால் அங்கிருந்து ஒரு கோப்பாக வெளியே எடுத்து வைக்கும். பழைய பெயர் வராது, எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணும்தான் பெயர். எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் பிறகு வரிசைப்படுத்திக்கொள்ளலாம். வெளியே எடுத்ததைச் சேமிக்க வேறு டிஸ்க்கைக் காட்டவேண்டும், அதே கார்டை மட்டும் காட்டிவிடாதீர்கள்.

472 படம் முழுசாக வந்துவிட்டது. பலூன், வரவேற்பு, மேசை, பாப்பா பட்டுப்பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, எல்லாம். 58 படம் பாதி. மேல் பகுதி சரியாக இருக்கிறது, கீழே சாம்பல் நிறம் அல்லது இளஞ்சிவப்புக் கோடுகள். மெழுகுவர்த்தி ஏற்றிய கடைசிப் படங்கள், ஏழெட்டு இருக்கும், கார்டுக்கு வந்து சேரவே இல்லை, அவை எந்த மென்பொருளுக்கும் கிடைக்காது.

விபூதிப் படங்கள் ஐந்தும் அந்த 58இல் இருக்கின்றன. மூன்றாவதில் தூணும், பலூனும், அம்மாவின் நெற்றியும் தெரிகிறது. அதற்குக் கீழே சாம்பல்.

17 ஜூன், காலை 7.50

பஸ்ஸில் எழுதுகிறேன். ஏன் அந்த 58 மட்டும் என்று இரவெல்லாம் யோசித்தேன், காரணம் கிடைத்துவிட்டது. ஐந்தரை மணிக்கே கார்டில் இடம் குறைந்துவிட்டது. அதனால் கண் மூடியிருந்தது, அசங்கியது என்று எழுபது படம் போல அங்கேயே அழித்தேன். அழித்தால் அந்த இடம் காலி என்று மட்டும் குறிக்கப்படும். கார்டு நிறையும்போது புதுப் படம் அந்தக் காலி இடங்களில் போய் உட்காரும். முன்பு அங்கே இருந்ததைவிடப் புதுப் படம் கொஞ்சம் பெரிதாக இருந்தால், மிச்சத் துண்டு வேறெங்காவது போகும். எந்தத் துண்டு எங்கே என்பது அட்டவணைக்குத்தான் தெரியும், அதுதான் அறுந்துவிட்டதே. அழிக்காமல் வரிசையாக எடுத்த படங்கள் எல்லாம் ஒட்டி ஒட்டி இருந்ததால் முழுசாக வந்தன.

ஆகவே விழாவுக்குப் போகிறவர்களுக்கு: விழா நடக்கும்போது கேமராவில் படத்தை அழிக்காதீர்கள். இடம் போதாவிட்டால் இன்னொரு கார்டு போடுங்கள். என் பையில் இன்னொரு 16 ஜிபி இருந்தது. மாற்ற ஒரு நிமிடம் ஆகும், அதற்குள் எதையாவது விட்டுவிடுவேன் என்று மாற்றவில்லை.

17 ஜூன், இரவு 9.15

ஈரப்பதம்தான் காரணம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம். சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல், ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸில் பனி படியாத நாளே கிடையாது. அன்றைக்கும் படிந்தது. ஏசி காரில் அரை மணி நேரம் வந்து இறங்கியதும் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. பையை மூடியே இருபது நிமிடம் வைத்திருந்தேன், தானாகத் தெளிந்தது. அதன் பிறகு இரண்டு மணி நேரம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. வீட்டில் ட்ரை கேபினட்டில் (ஈரத்தைக் குறைக்கும் பெட்டி) 45 விழுக்காட்டில்தான் வைக்கிறேன். பூஞ்சைக்குப் பயந்து வாங்கியது, லென்ஸில் இன்றுவரை பூஞ்சை இல்லை. அதனால் ஈரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

போனிலேயே எடுத்திருக்கலாமே என்பவருக்கு: எடுத்தேன், கேமரா நின்ற பிறகு முழுக்கப் போன்தான், நன்றாகவே இருக்கின்றன. ஆனால் விபூதியை அப்போது போனில் யாரும் எடுக்கவில்லை, எல்லாரும் கேக் மேசைப் பக்கம் நின்றார்கள். வந்தவர்களிடம் வாட்ஸ்அப்பில் படம் கேட்டிருக்கிறேன். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், 'டாக்குமென்ட்' என்று போட்டு அனுப்புங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லவேண்டியிருக்கிறது. இதுவரை 340 வந்திருக்கிறது. திசைகாட்டி திறந்த பையன், எட்டு வயது, கேக் வெட்டும்போது மேசைக்கு அடியில் இருந்திருக்கிறான். அவன் எடுத்த ஒன்றில் பாப்பாவின் பாதமும், அம்மாவின் பாதமும், நடுவில் விழுந்து கிடக்கும் கேக் துண்டும். அதைத் தோழிக்கு முதலில் அனுப்பினேன்.

18 ஜூன், இரவு 11.40

'இவ்வளவு கவலைப்படுகிறீர்களே, குழந்தைக்கு ஒரு வயது, அதற்கு என்ன தெரியப்போகிறது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபமில்லை, ஆனால் பதில் இருக்கிறது.

என்னுடைய ஆறாவது பிறந்தநாளுக்குப் படமே கிடையாது. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார், கூட வேலை பார்த்தவரிடம் ஃபிலிம் கேமரா கடன் வாங்கி வந்தார். 36 படம் எடுக்கும் ரோல். சாயங்காலம் முழுக்க எடுத்தார். 36க்கு மேலும் எடுக்க முடிகிறதே என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, சொல்லவில்லை. ரோலைக் கழுவக் கொடுத்தபோது முழுக்க வெறும் ஃபிலிம். முனை உள்ளே இருக்கும் உருளையில் மாட்டாமல் நழுவியிருக்கிறது. ஒவ்வொரு தடவை லீவரைத் தள்ளும்போதும் வெறும் பல்சக்கரம்தான் சுற்றியிருக்கிறது, ஃபிலிம் நகரவே இல்லை. தெரிந்தவர்கள் இடது பக்கம் ஃபிலிம் சுற்றும் குமிழ் கூடவே திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. கடைக்காரர் கொடுத்த அந்த வெறும் நெகட்டிவை அவர் தூக்கிப் போடவில்லை. அவர் போன பிறகு பெட்டியில் பார்த்தேன், சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, என் பெயரும் தேதியும் எழுதி வைத்திருந்தார்.

அந்த வயதில் எனக்கும் அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அந்த விழாவுக்கு என் அப்பத்தா வந்திருந்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அடுத்த வருடம் அவர் இல்லை. அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை.

19 ஜூன், இரவு 8.05

கிடைத்துவிட்டது. மேலே 'ரா கோப்புக்குள் இருக்கும் ஜேபெக்கைப் பார்த்தீர்களா' என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போன அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கேமரா ரா எடுக்கும்போது, பின்திரையில் காட்டுவதற்காக ஒரு ஜேபெக் படத்தையும் செய்து அதே கோப்புக்குள் வைக்கிறது. பல கேமராக்களில் அது கோப்பின் முன்பகுதியில் இருக்கும், சென்சாரின் முழுத் தகவல் அதற்குப் பின்னால். என் கோப்புகளில் அறுந்துபோனது பின்பகுதி. திறந்து காட்டும் மென்பொருள் பின்பகுதியைப் படித்து அதைச் சாம்பலாகக் காட்டியது, முன்னால் இருந்த சின்னப் படம் முழுசாக உள்ளேயே இருந்திருக்கிறது. எக்ஸிஃப்டூல் என்று ஒரு கருவி, அதுவும் இலவசம், அதில் முன்னோட்டப் படத்தை மட்டும் வெளியே எடு என்று ஒரே ஒரு வரிக் கட்டளை. 58இல் 51 வந்துவிட்டது. விபூதியில் நான்கு. மூன்றாவதும் இருக்கிறது.

ஏறத்தாழ 1,600 பிக்சல் அகலம்தான். பெரிதாக்க முடியாது, இருட்டைத் தூக்க முடியாது, எடுத்தது எடுத்தபடி. ஆனால் 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவில் அச்சுப் போட்டால் அங்குலத்துக்கு 260க்கு மேல் புள்ளி வருகிறது, கையில் வைத்துப் பார்க்க அது போதும். பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளங்கைக்குக் கீழே பாப்பாவின் இமைமயிரில் ஒரு துளி விபூதி ஒட்டியிருக்கிறது. அன்றைக்கு அதை நான் பார்க்கவில்லை.

21 ஜூன், மாலை 6.30

இன்று சனிக்கிழமை, கேமராவைத் தூக்கிக்கொண்டு சிட்டி ஹால் பக்கம் போனேன். பழைய கேமராக் கடைகள் நிறைய இருக்கும் கட்டடம் ஒன்று, அங்கே மேல்மாடியில் பழுது பார்க்கும் ஒரு அங்கிள், எழுபது வயது இருக்கும், கண்ணில் பூதக்கண்ணாடி. லென்ஸைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, என்னையும் பார்க்கச் சொன்னார்.

ஷட்டர் என்பது இரண்டு திரை. ஒவ்வொன்றும் நகத்தைவிட மெல்லிய தகடுகள் நாலைந்து, விசிறி மாதிரி மடங்கி விரியும். முதல் திரை விலகும், இரண்டாவது மூடும். என்னுடையதில் ஒரு தகட்டின் ஓரத்தில் இருக்கும் ரிவெட் விட்டுப்போய், தகடு சாய்ந்து, மற்றவற்றின் நடுவில் சொருகி நிற்கிறது. சென்சார் மேல் உரசவில்லை, அதுவரை நல்லது. ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று எண்ணிக்கை பார்த்தார், 138,000. இந்த வகைக் கேமராவின் ஷட்டரைத் தயாரிப்பாளர் சோதித்துச் சொல்வது 100,000. நான் வாங்கும்போதே எவ்வளவு ஓடியிருந்தது என்று கேட்டார், தெரியவில்லை என்றேன். சில கேமராக்களில் அந்த எண்ணிக்கை படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும், சிலவற்றில் தனியாகப் படித்துத்தான் பார்க்கவேண்டும். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இன்றைக்குப் பெரிய விஷயம். 'கொஞ்ச நாளாகப் படத்தில் கறுப்பாக ஒரு பட்டை வருகிறதா, வெயிலில் எடுத்தால்?'

வீட்டுக்கு வந்து பழைய படங்களைப் பார்த்தேன். பிப்ரவரி 11, தைப்பூசம். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு போகும் வழியில், உச்சி வெயிலில், 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்த படங்கள். பதினாறு படத்தில் மேல் ஓரம் இருட்டாக ஒரு பட்டை. பந்தலின் நிழல் என்று நினைத்து அன்றைக்கு அதை வெட்டிவிட்டேன். ஒரே நிழல் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் எப்படி விழும்? வேகம் கூடும்போது இரண்டு திரையும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஒரு சின்ன இடைவெளியாகத்தான் ஓடும், அதில் ஒன்று கொஞ்சம் தடுமாறினாலே அந்த ஓரத்துக்கு வெளிச்சம் போதாது. ஃபிளாஷ் போட்டு, அதற்கான ஷட்டர் வேக வரம்பைத் தாண்டி எடுத்தாலும் இதே மாதிரிப் பட்டை வரும், பலர் அதோடு குழப்பிக்கொள்வார்கள். ஆனால் தைப்பூசத்தில் நான் ஃபிளாஷே போடவில்லை. வீட்டுக்குள்ளும் இரவிலும் 1/100, 1/160 என்று எடுப்பதால் நான்கு மாதம் கண்ணில் படவில்லை.

15ஆம் தேதி 'கேமரா தானாக நின்றது' என்று எழுதினேன். அதையும் திருத்திக்கொள்கிறேன். பிப்ரவரியிலேயே அது சொல்லியிருக்கிறது.

22 ஜூன், இரவு 11.55

சாங்கி விமான நிலையத்திலிருந்து திரும்பி வருகிறேன். 4ஆர் மூன்று பிரதி போட்டேன், ஒன்று தோழிக்கு, ஒன்று பாப்பாவின் பெட்டியில் வைக்க, ஒன்று அவள் அம்மாவுக்கு. அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். தன்னைப் பார்க்கவில்லை, படத்தின் ஓரத்தில் தரையில் விழுந்த வெயிலைப் பார்த்தார். 'கிழக்குதான், சரியாத்தான் நின்னுருக்கேன்' என்றார். படத்தை இரண்டாக மடிக்கப் போனார், சுருக்குப் பையில் வைக்க. மடிக்காதீங்கம்மா என்று தோழி பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக் கொடுத்தாள்.

24 ஜூன், மதியம் 1.05

கேமரா விற்ற கடைக்காரரிடம் ஈடு கேட்க முடியாதா என்ற கேள்விக்கு: முடியாது என்று நினைக்கிறேன், கேட்கவும் விருப்பமில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே 'லெமன் லா' இருக்கிறது, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம், செகண்ட் ஹேண்டுக்கும் பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்கவேண்டும். நான் வாங்கி நாலு வருடம், அதுவும் ஷட்டர் தேய்மானம். புதிதாகப் பழைய கேமரா வாங்குகிறவர்கள் அந்த ஆறு மாதத்துக்குள் நல்ல வெயிலில் ஒரு நாள் எடுத்துப் பாருங்கள்.

5 ஜூலை, மாலை 5.20

கேமரா வந்துவிட்டது. வேறொரு செத்த கேமராவிலிருந்து எடுத்த ஷட்டர், 190 வெள்ளி. இன்னும் ஒரு அறுபது வெள்ளி போட்டால் இதே கேமரா செகண்ட் ஹேண்டில் இன்னொன்று கிடைக்கும், ஆனால் அதன் ஷட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதை அங்கிள் எண்ணிச் சொல்லிக் கொடுத்தார், 21,000.

சோதனை எப்படிச் செய்தேன் என்று கேட்டவருக்கு: வெயில் நேராக விழும் வெள்ளைச் சுவர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன், எங்கள் புளோக்கின் பக்கவாட்டுச் சுவர். 1/4000, 1/2000, 1/1000 என்று இறங்கிக்கொண்டே ஒவ்வொன்றிலும் ஐந்து படம். லேப்டாப்பில் பக்கம் பக்கமாக வைத்து மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் பார்த்தேன். பட்டை இல்லை. இனி ஒவ்வொரு விழாவுக்கும் முந்தின நாள் இதைச் செய்வேன், பத்து நிமிடம்தான் ஆகிறது.

ஆகஸ்ட்டில் தோழியின் தங்கைக்கு வளைகாப்பு, தேக்கா பக்கம் ஒரு மண்டபத்தில். என்னைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாளைக்கு இன்னொரு கேமரா கடன் கொடுக்க ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கம் யாராவது இருந்தால் எழுதுங்கள், எந்த மாடலானாலும் சரி, இரண்டு கார்டு போடுகிற மாதிரி இருக்கவேண்டும்.